கேமில் விழும் பெட்டிக்கு எடை உண்டா?

வாசகர் கேள்விகளுக்கு சுங்கை சிப்புட் கம்ப்யூட்டர் கடைக்காரர் பதில்கள்

சென்ற இதழில் ஒரு தம்பிக்குப் பதில் எழுதும்போது, "கேமில் எனக்குக் கதையைவிடப் பெட்டி சரிந்து விழுவதுதான் பிடிக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே பிரிண்டர் மை தீர்ந்தவர்கள், வைரஸ் பிடித்தவர்கள், பாஸ்வேர்டு மறந்தவர்கள் எல்லாரும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டி சரிந்து விழுவதில் ரசிக்க என்ன இருக்கிறது?
– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

டீச்சர், நான்காம் ஆண்டில் என் கையெழுத்தைச் சகித்துக்கொண்டவர் நீங்கள். இதையும் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள்.

2004இல் என் கடை பாதி ரிப்பேர் கடை, பாதி சைபர் கஃபே. பத்து மெஷின், மணிக்கு 2 வெள்ளி. அந்த நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தது. மற்ற மெஷின்கள் அதைத் தாங்காது என்பதால் ஒன்றில் மட்டும் கடன் வாங்கிப் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். தோட்டத்திலிருந்து சைக்கிளில் வரும் பையன் ஒருவன் எப்போதும் அந்த மெஷினைத்தான் கேட்பான். அது துப்பாக்கி விளையாட்டு. ஆனால் இவன் சுடுவதே அபூர்வம். ஆரம்பத்தில் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலி டின் ஒன்றைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடு என்பான். போட்டால் வழிவிடுவான். அவன் மேலேயே வீசினால் தடியோடு வருவான். பையன் அந்த இடத்தை மட்டும் ஒரு மாலை முழுக்க ஆடினான். அப்புறம் கொஞ்ச தூரம் போனால், பொருள்களை இழுத்துப் பிடித்து எறிகிற ஒரு கருவி கையில் கிடைக்கும். அது கிடைத்த நாளிலிருந்து பெயின்ட் டின், மரப்பெட்டி, ரம்பத் தகடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுவரில் அடித்துப் பார்ப்பதே அவனுக்கு வேலை.

"டேய், மணி ஓடுது. விளையாடலையா?" என்றேன்.

"விளையாடிக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணே" என்றான்.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு முன் வந்த பெரும்பாலான கேம்களில் பெட்டி வெறும் படம். அது எப்படி உடைய வேண்டும் என்பதையும் ஓர் ஓவியர் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார். நூறு முறை உடைத்தாலும் அதே நான்கு துண்டு, அதே இடத்தில். இந்த கேமில் பெட்டி விழும் விதத்தை யாரும் வரையவில்லை. எடை எவ்வளவு, தரையோடு உராய்வு எவ்வளவு, எவ்வளவு துள்ளும் என்பதை மட்டும் கொடுத்துவிட்டார்கள். மீதியை ஹாவோக் என்ற மென்பொருள் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. (டப்லின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இருவர் 1998இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது.) அந்தப் பையன் எறிந்த டின் சுவரில் பட்டு, பீப்பாயில் பட்டு, படிக்கட்டில் உருண்டு நின்ற விதத்தை கேமைச் செய்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். அவன்தான் முதல் ஆள். 2 வெள்ளிக்கு அது மலிவு என்றுதான் சொல்வேன்.

அதே கேமில் ஓரிடத்தில் ஒரு பலகை, ஏற்றப்பலகை மாதிரி நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். ஏறினால் பலகை சாய்ந்துவிடும். கடையை அடைத்துவிட்டு அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். சாவி தேடினேன், பொத்தான் தேடினேன், எதிரே கண்டதையெல்லாம் சுட்டேன். பக்கத்திலேயே சிமென்ட் கற்கள் கிடந்தன. மறுமுனையில் நாலு கல்லை அடுக்கினால் பலகை அசையாது. லயத்துப் பின்னால் மரக்கட்டையில் பலகை போட்டு ஆடிய எனக்கு, குண்டுப் பையன் உட்கார்ந்தால் நான் மேலேயே தொங்குவேன் என்பது எட்டு வயதில் தெரியும். கேம் என்றதும் அதை மறந்துவிட்டேன். கேமுக்கென்று தனி விதி இருக்கும், அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பழகிப்போன புத்தி. இதில் லயத்து விதியே செல்லுபடியாகிறது என்று தெரிந்தபோது வந்த சிரிப்புக்குத்தான் டீச்சர், பெட்டி விழுவது பிடிக்கும் என்று எழுதினேன்.

கேள்வி: அண்ணே, "ரியல் பிசிக்ஸ்" என்று போட்டிருக்கிற லாரி கேம் ஒன்றை இறக்கினேன். லாரி பாதி சுவருக்குள் போய்விடுகிறது. சில சமயம் சின்னக் கல்லில் ஏறினாலே ராக்கெட் மாதிரி வானத்துக்குப் போகிறது. எது ரியல்?
– படிவம் 5 மாணவர், கோலகங்சார்

தம்பி, உங்கள் வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்திருந்தால் இது சுலபமாகப் புரியும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லா நிரையிலும் எல்லா நேரமும் நிற்க முடியாது. ஒரு சுற்று வருவார், பார்ப்பார், போவார். திரும்ப வரும்வரை நடந்தது அவருக்குத் தெரியாது. முதல் சுற்றில் மரத்தடியில் இருந்த ஆள் அடுத்த சுற்றில் ஓடைப்பக்கம் இருந்தால், நடந்து போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வார்.

கேமுக்குள் இருக்கும் மண்டோர், அதாவது எது எங்கே இருக்கிறது, எது எதில் மோதியது என்று கணக்குப் பார்க்கும் மென்பொருள், பொதுவாக நொடிக்கு 60 சுற்று வருவார். நமக்கு அது வேகம். துப்பாக்கிக் குண்டுக்கு அது சோம்பேறித்தனம். நொடிக்கு 900 மீட்டர் போகும் குண்டு, இரண்டு சுற்றுக்கு நடுவில் 15 மீட்டர் போய்விடும். ஒரு சுற்றில் சுவருக்கு முன்னால் இருக்கிறது, அடுத்த சுற்றில் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் பட்டதை யார் பார்த்தது? அதனால் பல கேம்களில் குண்டைப் பறக்கவே விடுவதில்லை. துப்பாக்கி முனையிலிருந்து ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் யார் நிற்கிறார் என்று பார்த்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். உன் லாரிக்கும் இதே கதிதான். மெல்லிய சுவர், அதிக வேகம், நடுவில் மண்டோர் இல்லை.

வானத்துக்குப் போவது அடுத்த கட்டம். மண்டோர் வந்து பார்க்கிறார், லாரி டயர் கல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு பொருள் இருக்கக் கூடாது என்பது சட்டம். உடனே பிடித்து வெளியே தள்ளுகிறார். எவ்வளவு ஆழம் புதைந்ததோ அவ்வளவு பலமாகத் தள்ளுகிறார். ஆழம் கொஞ்சம் கூடிவிட்டால் லாரி ஈப்போவில் இறங்கும். விலை மலிவான கேம்களில்தான் இப்படி என்று நினைக்காதே. 2011இல் வந்த ஸ்கைரிம் எவ்வளவு பெரிய கேம்! அதை நொடிக்கு 60 படத்துக்கு மேல் ஓடும்படி அவிழ்த்துவிட்டால், வீட்டுக்குள் நுழைந்தவுடன் மேசைமேல் இருக்கும் தட்டு, கிண்ணம், ரொட்டி எல்லாம் தானாகத் துள்ளும். பேய் பிடித்த வீடு மாதிரி இருக்கும். மண்டோரின் கடிகாரத்தைப் படம் ஓடும் வேகத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் வந்த வினை.

இதற்கு மருந்து மண்டோரை அடிக்கடி வரவைப்பதுதான். ராக்கெட் லீக் என்ற கார்ப்பந்து விளையாட்டில் நொடிக்கு 120 சுற்று. கார் மோதலுக்கென்றே செய்த பீம்என்ஜி டிரைவில் நொடிக்கு 2,000. உன் கைத்தொலைபேசியில் அத்தனை சுற்று வரச்சொன்னால் அதன் மேல் ரொட்டி சானாய் சுடலாம்.

கேள்வி: என் மகன் படிவம் 2 படிக்கிறான். ஏதோ ஒரு கேமில் நாள் முழுக்கக் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிறான். பந்தயமும் இல்லை, பாயின்டும் இல்லை. மோதுவது, திரும்ப மோதுவது. பயமாக இருக்கிறது. புத்தி கெட்டுவிடுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மேலே சொன்ன பீம்என்ஜி டிரைவாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் பிரேமன் நகரத்தில் செய்வது. 2013 முதல் கிடைக்கிறது. அந்தக் கார் ஒரே கட்டி அல்ல. நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கம்பிகளால் பின்னிய கூடை மாதிரி. மோதும்போது எந்தக் கம்பி வளைந்தது, எது அறுந்தது என்று தனித்தனியாகக் கணக்குப் போடும். அதனால் ஒரு மோதல் போல இன்னொன்று வராது. காருக்குள் ஆள் கிடையாது, ரத்தம் கிடையாது. நாம் சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கினோமே, கிட்டத்தட்ட அந்தப் புத்திதான்.

ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அதே காரை அதே சுவரில் முதலில் 40 கிலோமீட்டரில் மோதச் சொல்லுங்கள். அப்புறம் 80இல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 40இல் முன்பக்கம் நசுங்கும். 80இல் ஓட்டுநர் உட்காரும் இடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மோட்டார் லைசென்ஸ் கேட்கப்போகிறானே, அதற்கு முன் ஒருமுறை பார்த்துவைக்கட்டும். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது உங்கள் வீட்டு விவகாரம். அதில் நான் தலையிட்டால் என் மனைவி சிரிப்பாள்.

கேள்வி: மாரியோ ஆகாயத்தில் இருக்கும்போதே திரும்புகிறார். பொத்தானை அழுத்தினால் உயரம் கூடுகிறது. நான் வகுப்பில் நியூட்டன் விதிகளைச் சொல்லித்தர, இவர் வீட்டில் அதை அழிக்கிறார். இதைத் திருத்த முடியாதா?
– படிவம் 4 இயற்பியல் ஆசிரியர், ஈப்போ

திருத்தினால் யாரும் விளையாட மாட்டார்கள் சார். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்வரை ஈர்ப்பு விசை குறைவு, கீழே வரும்போது அதிகம். கிளம்பும்போது லேசு, இறங்கும்போது கனம். குதிப்பு நம் விரலுக்குக் கட்டுப்பட்டது போலிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. நிஜ விதியில் குதிக்க விட்டுப் பாருங்கள், கிளம்பிய பிறகு நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. விழும்வரை வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாரியோ பொய் சொல்கிறார், ஆனால் தினமும் ஒரே பொய்யைச் சொல்கிறார். பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு அது பிடிபட்டுவிடுகிறது. என் கடைக்கு வந்த பையன்கள் கேமைத் திட்டியதெல்லாம் நேற்று எட்டிய மேடை இன்று எட்டாதபோதுதான். ஈர்ப்பு விசை 9.8 இல்லையே என்று எவனும் சண்டைக்கு வந்ததில்லை.

உங்கள் கட்சிக்கும் ஆதாரம் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர் தினத்தில் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க ஒரு டென்னிஸ் விளையாட்டு செய்தார். அந்த அனலாக் கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில் ஏவுகணைப் பாதை, துள்ளும் பந்து போன்றவற்றுக்குக் கணக்குப் போடும் வழி இருந்தது. அதை வைத்து அலைக்காட்டித் திரையில் ஒரு புள்ளியை வலைக்கு மேலே வளைந்து பறக்கவிட்டார். ஜனம் வரிசை கட்டி நின்றது. அடுத்த வருடம் அவரே நிலாவின் ஈர்ப்பு, வியாழனின் ஈர்ப்பு என்று மாற்றி ஆடவும் வசதி செய்தார். அணுகுண்டுத் திட்டத்தில் மின்னணுக் கருவிகள் செய்த மனிதருக்கே ஒரே வருடத்தில் பூமியின் விதி போதவில்லை.

கேள்வி: இதையெல்லாம் விளையாட எந்த லேப்டாப் வாங்கலாம்? 1,500 வெள்ளி வைத்திருக்கிறேன்.
– வாசகர், கம்பார்

வாங்காதீர்கள். இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

கேள்வி: கேம் விளையாடினால் எஸ்பிஎம் ஃபிசிக்கில் மார்க் ஏறுமா அங்கிள்? அம்மாவிடம் காட்ட வேண்டும், ஆமாம் என்று எழுதுங்கள்.
– படிவம் 4 மாணவி, சுங்கை சிப்புட்

அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்பதால் பாதி ஆமாம். படிவம் 4இல் கெப்ளர் விதிகளும் செயற்கைக்கோளும் வருகின்றன. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒரு கேம், மெக்சிகோ நகரத்தில் செய்து 2011இல் முதலில் வெளியிட்டது. நீயே ராக்கெட் கட்டி ஏவ வேண்டும். என் முதல் பதினைந்து ராக்கெட்டும் ஏவுதளத்திலேயே விழுந்தன. உனக்கு முன்னால் அதே சுற்றுப்பாதையில் போகும் விண்கலத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். குறைத்தால் பாதை தாழும், தாழ்ந்த பாதையில் ஒரு சுற்று சீக்கிரம் முடியும், எட்டிப் பிடித்துவிடலாம். பாடநூலில் நான் நாலு முறை படித்தும் நம்பாத விஷயம் அது. கேமில் இரண்டு முறை தவறவிட்ட பிறகு நம்பினேன்.

ஆனால் எண்களை அங்கிருந்து எடுத்துப் பரீட்சையில் எழுதிவிடாதே. அந்தக் கேமில் ராக்கெட் கிளம்பும் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், நம் பூமிக்கு 6,371. மேற்பரப்பு ஈர்ப்பு மட்டும் பூமி போலவே. உண்மையான அளவில் வைத்தால் மேலே போய்ச் சேர்வதற்குள் ஆட்டக்காரருக்குப் பொறுமை போய்விடும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும்தான் கணக்கில் எடுக்கும்.

கேள்வி: 30 வருடமாக லாரி ஓட்டுகிறேன். என் மருமகப்பிள்ளை கேமில் ஓட்டிவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா?
– லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

அண்ணே, இதற்குப் பதில் சொல்ல என்னைவிட என் அப்பா தகுந்தவர். தோட்டத்து லாரியில் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு ஓட்டியே எங்களை வளர்த்தவர். இப்போது வயது 79. ரிப்பேருக்கு வந்த ஸ்டியரிங்கும் பெடலும் சொந்தக்காரர் திரும்பி வராமல் கடையில் கிடந்தன. ஒருநாள் அவரை உட்கார வைத்தேன்.

முதலில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஓட்டினார். "ரோடு ரொம்ப ஒழுங்கா இருக்கு" என்று எழுந்துவிட்டார். அப்புறம் மட்ரன்னர் போட்டேன், 2017இல் வந்தது. காட்டுக்குள் சேற்றுப் பாதையில் மரக்கட்டை ஏற்றிப் போகிற கேம். அதில் சேறு வெறும் வண்ணமல்ல, டயர் போன இடம் பள்ளமாகி அப்படியே நிற்கும். அதே தடத்தில் திரும்ப வந்தால் இன்னும் புதையும். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் அக்கா மகன் அதே இடத்தில் பெடலை மிதித்து மிதித்து அச்சு வரை புதைத்து வைத்திருந்தான். அப்பா கியரைக் குறைத்தார், பழைய தடத்தை விட்டு ஒரு சக்கரம் விலகினார், மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். மழைக்கால செம்மண் ரோட்டில் அவர் செய்தது அதேதான். வின்ச் கம்பியை ஒரு சின்ன மரத்தில் கட்டியபோது மரம் பிடுங்கிக்கொண்டு வந்தது. "சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். என் அப்பா யாரையும் பாராட்டிக் கேட்டது அபூர்வம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு குறை சொன்னார். "வண்டி கண்ணுக்குச் சொல்லுது, காதுக்குச் சொல்லுது. முதுகுக்கு ஒண்ணும் சொல்லலையே." உங்களுக்கு இது புரியும் அண்ணே. பின்சக்கரம் வழுக்கப்போவது ஸ்டியரிங்குக்குத் தெரியும் முன்னே சீட்டுக்குத் தெரிந்துவிடும். கேமில் சீட்டு ஊமை. அதை ஈடுகட்டத்தான் வண்டி ஆடுவதைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டுகிறார்கள், எஞ்சின் திணறுவதைச் சத்தமாகக் கேட்க வைக்கிறார்கள், ஸ்டியரிங்கில் மோட்டார் வைத்துக் கையை உலுக்குகிறார்கள். முதுகுக்குப் போக வேண்டிய சேதியைக் கண்ணுக்கும் கைக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். மருமகப்பிள்ளைக்குத் தெரிந்தது அந்தப் பங்கு மட்டும்.

சாய்வான ஒரு பாதையில் அப்பாவின் வண்டி பாரத்தோடு கவிழ்ந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை நிஜமாகவே குலையோடு கவிழ்ந்து, இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தவர். எழுந்து மாமாக் கடைக்குப் போய்விட்டார். சரி, இனி தொட மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். அதே சாய்வைத்தான் போடச் சொன்னார். நாலாவது தடவை தாண்டினார்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கேம் இருக்கிறது. நாம் பால் மரம் வெட்டியதற்கு ஏன் ஒரு கேம் இல்லை?
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

ஐயா, கத்தி, பட்டை வரை செய்துவிடலாம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற வெட்டு, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு, ஆழம் கூடினால் மரம் காயப்படும். இதெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சின்ன வேலை. சிக்கல் பாலில்தான். பெட்டியும் லாரியும் விழுவதைக் கணக்கிடுவது எளிது. ஒழுகுவதும் அலம்புவதும் கடினம். திரவம் எப்படி ஓடும் என்ற சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டாலும், ஒவ்வொரு துளிக்கும் அதைப் போட்டுப் பார்க்க மெஷின் தாங்காது. பல கேம்களில் வாளி நிறைய தண்ணீர் என்றால் மேலே தண்ணீர்ப் படம் ஒட்டிய மூடிதான். 2011இல் கைத்தொலைபேசிக்கு வந்த "வேர்ஸ் மை வாட்டர்" தண்ணீரைக் குட்டிக் குட்டி உருண்டைகளாக ஓடவிட்டது. அழகாகத்தான் இருந்தது, பக்கவாட்டுப் படம் என்பதால் சாத்தியமானது.

காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, என் அம்மா சின்னச் சின்ன எட்டு வைத்து ஓட்டமும் நடையுமாகப் போவார். கம்பு துள்ளும் தாளத்துக்குக் கால் போகும், பால் சிந்தாது. பன்னிரண்டு வயதில் நான் ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன். என் நடை ஒரு தாளம், கம்பு ஒரு தாளம், பால் ஒரு தாளம். கால்வாசி புல்லுக்குப் போனது. அந்த மூன்றையும் சரியாகச் செய்த கேம் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

உங்கள் கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுல மழை வருமா?" என்றார். வரவைக்கலாம் என்றேன். "வெட்டி முடிச்ச பிறகு மழை வந்தா மங்குல தண்ணிதான் நிக்கும். அன்னிக்கு அரைச் சம்பளம். அதையும் வெப்பாங்களா?"